அளவுக் கொப்பியில் அரபு

இடுப்பு முப்பத்தாறு, நீளம் நாற்பது என்று அளவு குறிக்கும் கொப்பியில் எழுதிவிட்டு, அதே பென்சிலால் கீழே ‘ஜீபி’ என்றும் எழுதுகிறார் இராசமாணிக்கம். ஜீபி என்றால் அரபியில் கொண்டு வா. உக்குவளை ஸ்டேஷன் பக்கம் தையல் கடை, வயது ஐம்பத்தெட்டு. அளவு கொடுக்க வந்தவர் கையைத் தூக்கியபடி நிற்பார். டெய்லர் டேப்பைப் பிடித்துக்கொண்டு எதையோ முணுமுணுப்பார்.

மனைவி மாரியாயி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒன்பது வருஷம். தினமும் இரவு ஏழு மணிக்கு வீடியோவில் வருவார். நடுவில் அந்த வீட்டுப் பிள்ளை ஏதாவது சொல்லும். மாரியாயியும் அரபியில் பதில் சொல்லிச் சிரிப்பார். என்ன சிரிப்பு என்று கேட்டால், “அது ஒன்னுமில்லைங்க.” அந்த ஒன்றுமில்லாததைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் படிப்பு. இன்னொரு திட்டமும் உண்டு. அடுத்த மாதம் ஒப்பந்தம் முடிகிறது. போதும், வந்துவிடு என்பதை அரபியிலேயே சொல்லி அசத்த வேண்டும்.

முதல் வாத்தியார் பக்கத்துப் பலசரக்குக் கடை ஜிப்ரி நானா. மதரஸாப் பிள்ளைகளின் முதல் புத்தகத்தைக் கொடுத்தார். டெய்லர் கை கழுவிவிட்டுத்தான் அதைத் தொடுவார். மூன்று மாதத்தில் எழுத்தெல்லாம் பாடம்.

“நானா, சாப்பிட்டியான்னு எப்படிக் கேக்குறது?”

ஜிப்ரி நானா பருப்பு நிறுத்துக்கொண்டே யோசித்தார். “எனக்கு ஓதத்தான் தெரியும் டெய்லர். பேச எங்க தெரியும்?”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீங்க அரபு படிக்கணும்னுதானே கேட்டீங்க. பொஞ்சாதியோட கதைக்கணும்னா சொன்னீங்க?”

கடைத்தெரு ஒரு கிழமை சிரித்தது. அந்தத் தெருவிலேயே கிடக்கும் நாங்களும் சும்மா இருக்கவில்லை. ‘ஷம்பூரா’ என்றால் கண்ணே என்று ஒரு சொல்லைத் தயாரித்துக் கொடுத்தோம். அதையும் ஆசையாக எழுதிக்கொண்டார். மறுநாள் அவர் தேத்தண்ணீர் குடிக்கப் போன நேரம் நான் போய் ரப்பரால் அழித்தேன். பக்கத்திலிருந்த யாரோ ஒருவரின் கழுத்தளவும் சேர்ந்து போய்விட்டது. அந்தச் சட்டை என்ன ஆனதோ.

பிறகு கிடைத்தவர், குவைத்தில் பதினொரு வருஷம் வீட்டு வேலை செய்துவிட்டு வந்த றஹீமா ராத்தா. கொண்டு வா, துடை, கழுவு, சுறுக்கா என்று சொற்கள் வந்தன. ஒரு பக்கம் நிரம்பியதும் டெய்லர் மேலிருந்து கீழாக வாசித்தார்.

“என்ன தங்கச்சி, எல்லாமே ஏவுறதாவே இருக்கு?”

“நாங்க காதால கேட்டதத்தானே அண்ணே சொல்லித் தர ஏலும்.”

அன்று தேத்தண்ணீரை டெய்லரே போய் வாங்கிவந்து ராத்தாவின் கையில் கொடுத்தார். அப்புறம் வேறு சொற்கள் கேட்டார். அழாதே, போகாதே, போக மாட்டேன். அவையும் ராத்தாவிடம் இருந்தன. “புள்ளைய வளத்தா அதுவும் வரும்.”

போன வெள்ளிக்கிழமை நான் பொத்தான் தைக்கக் கொடுத்துவிட்டு நின்றேன். போனில் மாரியாயி. பாடம் பண்ணி வைத்ததைச் சொல்ல டெய்லர் தொண்டையைச் செருமினார். அதற்குள் அந்தப் பிள்ளை ஓடிவந்து மாரியாயியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “லா தரூஹீன்” என்று அழுதது. போகாதே. மாரியாயி அதன் தலையைத் தடவி, “மா அரூஹ், மா அரூஹ்” என்றார். போக மாட்டேன்.

“என்னமோ சொல்ல வந்தீங்களே?” என்று மாரியாயி திரும்பினார்.

“சாப்பிட்டியான்னு கேட்டேன்.”

டெய்லர் போனின் கேமராவைக் கட்டைவிரலால் மூடினார். “கரண்டு போயிருச்சு புள்ள” என்றார். தலைக்கு மேல் பல்பு எரிந்துகொண்டிருந்தது.