சின்னத்தா நிறுத்திய வண்டி

எங்கள் வண்டிக்கு இடம் பார்த்து நிற்கத் தெரியும் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. அத்தா திண்டுக்கல்லில் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி செய்து கொடுப்பவர். தேக்சா அண்டாக்களைக் குட்டிச் சரக்கு வண்டியில் ஏற்றி அவரே ஓட்டிப் போவார். அவை ஆடாமல் பிடித்துக்கொண்டு பின்னால் அவருடைய தம்பி, எங்கள் சின்னத்தா, உட்கார்ந்திருப்பார். நிறுத்த வேண்டுமென்றால் கேபினின் முதுகில் தட்டுவார். தாடிக்கொம்பு சாலையில் ஒரு நாள் அவர் தவறி விழுந்து மவுத்தானார். தட்டினாரா, தட்டியும் கேட்கவில்லையா என்று யாருக்கும் தெரியாது. அத்தா மண்டபம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பின்னால் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்து வண்டி மறுபடி ஓடத் தொடங்கியது. அத்தாவைத் தனியே அனுப்பப் பயந்து அம்மா என்னையும் முன்சீட்டில் ஏற்றிவிட்டாள். உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாத நான் எதற்குக் காவல் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

உச்சிவெயில். இரண்டு பக்கமும் கருவேலங்காடு. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி கனத்தது. காந்தல் வாடை வந்தது. சின்னத்தா விழுந்த இடத்தில் வண்டி நின்றேவிட்டது. சக்கரங்களிலிருந்து புகை வந்தது. அத்தா ஹேண்ட் பிரேக்கை இழுத்து விட்டுப் பார்த்தார். இறங்கிப்போய்ச் சக்கரத்தருகே புறங்கையைக் காட்டி, சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டார். பிறகு எஞ்சினை அணைத்தார்.

அந்த அமைதியில்தான் அது கேட்டது. டக். சற்றுக் கழித்து, டக், டக். ஆளில்லாத பின்பக்கத்திலிருந்து வந்தது. நான் கால்களைச் சீட்டின்மேல் தூக்கிக்கொண்டேன். அத்தா பயப்படவில்லை. கருவேலங்காட்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "நிப்பாட்டிட்டேன்டா தம்பி. ஏறிக்க."

அரை மணி நேரத்தில் வண்டி ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது.

அடுத்த ஓட்டத்திலும் அதே இடம், அதே வாடை, அதே தட்டல். அத்தா ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுவர ஆரம்பித்தார். அவருக்கும் எனக்கும் ஊற்றிவிட்டு, இன்னொரு கப்பைப் பின்பக்கப் பலகையில் வைப்பார். பிரியாணி நேரத்துக்குப் போகாமல் ஆர்டர்கள் கைநழுவின. அவரோ அன்று தம்பிக்காக நிறுத்தாத பாரம் இறங்கி, முகம் தெளிந்து, நன்றாகச் சாப்பிடத் தொடங்கினார். அதுதான் அம்மாவைக் கலங்கடித்தது. மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைத்துவிட்டாள்.

அவர் வண்டியை எதிர்த்திசையில், மதுரை சாலையில் ஓட்டிப் போனார். ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் அங்கேயும் அது புகைந்து நின்றதாம். அத்தா, "அங்கயும் வந்துட்டானா?" என்றார். எனக்கு அந்தத் தட்டலைவிட இந்தக் கேள்விதான் பயமாக இருந்தது.

திரும்ப ஓட்டி வந்த சூட்டோடு ஜாக்கி வைத்துத் தூக்கினார்; சக்கரம் சுற்றவில்லை. மெக்கானிக் ஒரு நட்டைத் தளர்த்தினார். எண்ணெய் பீச்சியடித்தது, சக்கரம் லேசாகச் சுற்றியது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து விரலை விட்டு மோந்து பார்த்தார். ரப்பரெல்லாம் ஊதிக் கிடப்பதாகவும், ஓட ஓடச் சூட்டில் பிரேக் இறுக்கிப் பிடித்து, ஆறினால் விட்டுவிடுவதாகவும், இரும்பு ஆறும்போதுதான் அப்படித் தட்டும் என்றும் விளக்கிவிட்டுக் கேட்டார்: "இதுல நல்லெண்ணெய யாரு ஊத்துனது பாய்?"

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். தர்கா விளக்கு எண்ணெய் அது. சளிக்கும் மூட்டு வீக்கத்துக்கும் எங்கள் தெருவில் அதைத்தான் தடவுவார்கள்.

"பிரேக் போடலையே, பிரேக் போடலையேனு தூக்கத்துலயும் பொலம்புனாக. அதான் ஊத்துனேன்" என்றாள்.

அத்தா அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ரப்பர்கள் மாறின, குழாய்கள் கழுவப்பட்டன, புது ஆயில் ஊற்றப்பட்டது. அடுத்த ஓட்டத்தில் வண்டி அந்த இடத்தைச் சத்தமில்லாமல் தாண்டியது. நான் சந்தோஷத்தில் கை தட்டினேன். அத்தா கொஞ்ச தூரம் போய், தானாகவே நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். காட்டில் பூச்சிகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்தபோது அம்மா தொழுதுகொண்டிருந்தாள். அத்தா என்னை அருகில் கூப்பிட்டார்.

"அந்த எண்ணெ மிச்சம் கெடக்கா தாயி?"

மூட்டு வலி போலிருக்கிறது என்று ஓடிப்போய்க் குப்பியை எடுத்துவந்து கொடுத்தேன். அவர் அதை வாங்கிக்கொண்டு வண்டிச் சாவியோடு வாசலுக்குப் போனார். வெளியே காற்றாட உட்கார்ந்து தடவிக்கொள்ளப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.