அம்மாவின் கோப்புக்கு நான் போட்ட உறை

அம்மா போய் நாற்பத்தாறு நாள். பெயர் அருந்ததி. புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞர். ஓய்வுபெற்றபின் வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் இருந்து, சம்பளம் கிடைக்காதவர்களுக்கு முறைப்பாடு எழுதிக் கொடுத்தார். கட்டணம் இல்லை. அழுபவர்களுக்குத் தேநீர் உண்டு. பொய் சொல்பவர்களுக்கு அதுவும் இல்லை.

றஸ்மியா கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார். காலி வீதியில் ஒரு புடவைக் கடையில் நான்கு வருடம் நின்றவர். கடைசி நான்கு மாதச் சம்பளம் கொடுக்காமலே நிறுத்திவிட்டார்கள். மாத முடிவுக்குள் வாடகை கட்டாவிட்டால் மகளோடு அறையை விட்டு வெளியேற வேண்டும். நியமனக் கடிதம் இல்லை. சம்பளச் சீட்டு இல்லை. முதலாளி சண்முகலிங்கம் தொழில் திணைக்களத்துக்கு எழுதிய பதில் ஒரே வரி: இப்படி ஒருவரைத் தெரியாது.

நான் மின்பொறியியலாளன். “ஆதாரம் நான் எடுத்துத் தாறன்” என்றேன். கடையிலிருந்து வந்த குறுஞ்செய்திகள் இருந்த றஸ்மியாவின் பழுதான கைத்தொலைபேசியை மூன்று கிழமை கழற்றிப் பூட்டினேன். கடைசியில் கொஞ்சம் புகை வந்தது.

“விடு தம்பி,” என்றார் அம்மா. “ஃபைலுக்காவது ஒழுங்கா உறை போடு.”

அதில் நான் கெட்டிக்காரன். பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குப் போட்ட அதே முறை: பழைய கலண்டர் தாள், படம் உள்ளே, வெள்ளை வெளியே. கடைகளில் தந்தபடியே அலுமாரிக்கு மேல் பிரிக்காமல் கிடந்த சுருள்களில் ஒன்றை எடுத்து ஒரு தாளைக் கிழித்தேன். அளந்தேன். மடித்தேன். மூலைகள் சரியாகத் தொண்ணூறு பாகை.

தொழில் திணைக்களத்தில் விசாரணை நாளன்று மழை. ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடும்போது அம்மா கோப்பைத் தலைக்கு மேல் பிடித்தார்.

“அம்மா, ஃபைல் நனையுது!”

“அதுக்குப் போட்டோக்கொப்பி இருக்கு. எனக்கு இருக்கோ?”

உள்ளே முதலாளி சிங்களத்தில் ஒருதடவை, தமிழில் ஒருதடவை சத்தியம் செய்தார். “சேர், இந்தப் பிள்ளைய நான் கண்ணால கண்டதில்ல.”

ஈர உறை கடிதங்களில் ஒட்டத் தொடங்கியது. அம்மா அதை உரித்து மேசையில் போட்டார். படம் மேலே கிடந்தது.

அந்தக் கடையின் கலண்டர். சரஸ்வதி பூசை. நடுவில் பட்டு வேட்டியோடு முதலாளி. பக்கத்தில், முக்காட்டோடு, கடலைத் தட்டை ஏந்தியபடி றஸ்மியா. கீழே தங்க எழுத்தில் ‘எங்கள் ஊழியர் குடும்பம்’. என் மடிப்பு முதலாளியின் கழுத்தில் நேராக விழுந்திருந்தது.

“அல்லாவே, அன்ரி! இது நான்!” றஸ்மியா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அந்தக் கலண்டர்களைச் சுருட்டி வாடிக்கையாளருக்குக் கொடுத்ததே அவர்தான். முதலாளி பிரித்துப் பார்க்க விட்டதில்லை.

விசாரித்த உத்தியோகத்தர் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். “மே முதலாளி நேத?” இது முதலாளிதானே என்று சிங்களத்தில் கேட்டு, விரலைப் பக்கத்தில் நின்றவருக்கு நகர்த்தினார்.

“அது... பூசை பாக்க வந்தவ போல, சேர்.”

“ஊழியர் எண்டு அச்சடிச்சது நீங்களோ, சரஸ்வதியோ?” என்றார் அம்மா.

உத்தியோகத்தர் இருமுவதுபோல் குனிந்தார். தோள் குலுங்கியது. ஒரு கிழமைக்குள் நான்கு மாதச் சம்பளமும் தருவதாக முதலாளி கையெழுத்திட்டார். ஆறாம் நாள் தந்தார். றஸ்மியா இன்னும் அதே அறையில்தான் இருக்கிறார்.

அன்று விசாரணை முடிந்து தாழ்வாரத்தில் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்து விக்கல். சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “எஞ்சினியர்! படத்தைப் பாக்கவே இல்லையோடா?”

“அளவைத்தான் பாத்தனான்.”

“அன்ரி, இவர் வயர் இழுத்த வீட்டில லைட் போட வாணாம்,” என்றார் றஸ்மியா. மீண்டும் விக்கல். காவலாளி தண்ணீர் கொண்டு வந்தார். ஏன் என்று தெரியாமலே அவரும் சிரித்தார்.

இப்போது சனிக்கிழமைகளில் றஸ்மியா வருகிறார். இருவருமாக முறைப்பாடு எழுதுகிறோம். அம்மா முடிக்காத கோப்புகள் பதினொன்று, எல்லாம் நான் உறை போட்டவை. போன ஞாயிறு எல்லா உறைகளையும் கழற்றி மறுபக்கம் பார்த்தேன். முருகன் இரண்டு. சுவிஸ் பனிமலை. பால்மாக் குழந்தை. ஆதாரம் ஒன்றுமில்லை.

திரும்பப் போட்டேன். இந்த முறை படம் வெளியே.