புதன், மூன்றாவது பீரியட்

முதுகில் பிள்ளைகளின் புத்தகப்பை, கையில் கடிகாரம். வேதியியல் ஆய்வகத்திலிருந்து இசை அறைக்குக் கட்டம் டீச்சர் நடக்கிறார். அவருடைய சொந்த நடை அல்ல இது. நடுவில் தண்ணீர் குடித்து, சன்னலில் எட்டிப் பார்த்து, தோழியோடு நாலு வார்த்தை பேசிவிட்டு வரும் ஒரு பிள்ளையின் நடை. "நாலு நிமிஷம் பத்து செகண்டு! மூணே நிமிஷத்துல அடுத்த மணி அடிச்சா புள்ளைங்க பறந்தா வரும்?" என்று தூணைக் கேட்கிறார். தூண் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை.

நானூறு பிள்ளைகள் தங்கிப் படிக்கிற அந்தத் தனியார் பள்ளியில் அவர் கணக்கு டீச்சர். பதினெட்டு வருடமாக மொத்தப் பள்ளிக்கும் டைம்டேபிள் போடுவது அவர்தான். பெயரும் அதில் வந்ததுதான். ஆசிரியர் அறைச் சுவர் முழுக்கக் கட்டம் போட்ட பலகை, அதில் ஊசியால் குத்திய வண்ண அட்டைகள், ஆசிரியருக்கு ஒரு நிறம். டீச்சருக்குப் பச்சை. பள்ளி ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமும் வாங்கி வைத்திருக்கிறது. "அதுக்குப் பசின்னா தெரியாது. சாப்பாட்டுக்கு முந்தின பீரியட்ல போய் கணக்கு வைக்கும்" என்று அதை ஒதுக்கித் தள்ளிவிட்டார்.

அவருக்கென்று சில சட்டங்கள் உண்டு. ஆறாம் வகுப்புக்குத் திங்கள் முதல் பீரியட் ஓவியம்தான். ஞாயிற்றுக்கிழமை பெற்றோர் வந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். "அந்தப் பீரியட் அழறதுக்கு. பேப்பர்ல தண்ணி பட்டா பெயின்ட்டுன்னு சொல்லிக்கலாம்." இன்னொன்று, ஒரு வகுப்புக்கு இரண்டு கணக்கு டீச்சர் கூடவே கூடாது. "மார்க் கொறஞ்சா ஒருத்தர் தலையில ஒருத்தர் போட்டுட்டுப் போயிடுவாங்க."

இந்த வருடம் புதிதாக வந்து சேர்ந்தது நிலவியல், கல்லையும் பாறையையும் பற்றிய பாடம். பதினொன்று பி வகுப்பில் ஆறு பேர் அதைப் படிக்க வேண்டுமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சொல்லித்தரத் துடிப்பவர் புவியியல் சார். சட்டைப்பை கிழிகிற அளவுக்குக் கல் சுமப்பவர். சிக்கல் என்னவென்றால், பள்ளிக்குப் பின்னால் உள்ள பாறைச் சரிவு வரை போய்த் திரும்ப அடுத்தடுத்து இரண்டு பீரியட் வேண்டும். "வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள எடம் கெடைச்சா பாடம் உண்டு. இல்லேன்னா அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் பிரின்சிபால். அவருடைய அடுத்த வருடம் வந்து யாரும் பார்த்ததில்லை. புரோகிராமோ மூன்று முறை ஓட்டியும் வழியில்லை என்று கையை விரித்தது.

"வழியில்லன்னா சொல்லுச்சு? அப்படியா சேதி!" வெள்ளிக்கிழமை காலை டீச்சர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ஆங்கிலம் திங்களுக்குத் தாவியது, உடற்பயிற்சி வியாழனுக்கு ஓடியது. ஒரு கை அட்டையைப் பிடுங்க, மறு கை குத்த, ஆசிரியர்கள் டீயை மறந்து சுற்றி நின்றார்கள். "உயிரியலைத் தூக்குங்க டீச்சர்!" என்று உயிரியல் டீச்சரே கத்தினார். பதினொன்றரைக்குப் புதன்கிழமை மூன்றும் நான்கும் நிலவியலுக்குக் காலியாயின. "உக்காந்துடுச்சு! உக்காந்தே உக்காந்துடுச்சு!" அறை அதிர்ந்தது. புவியியல் சார் பக்கத்தில் நின்றவரைக் கட்டிப்பிடித்துக் கல்லால் இடித்தார்.

பக்கத்து மேசைச் சின்ன டீச்சர் மட்டும் பலகையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவரும் கணக்குதான், வந்து மூன்று வருடம். "டீச்சர்... புதன் மூணாவது பீரியட்ல நீங்க ரெண்டு ரூம்ல இருக்கீங்க."

பார்த்தார்கள். பதினொன்று ஏ, பத்து பி, இரண்டிலும் பச்சை. ஊருக்கெல்லாம் இடம் தேடியவர் தனக்கு ஒரே உடம்புதான் என்பதை மறந்துவிட்டார். முதலில் சிரித்தது அவரேதான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு பலகை முன்னால் நின்று வேறு வழி தேடினார். எந்த அட்டையை நகர்த்தினாலும் நிலவியல் விழுந்தது. மணி பதினொன்று நாற்பத்தைந்து.

பதினோராம் வகுப்புக்குப் பாடம் எடுக்கச் சின்ன டீச்சருக்கு இன்னும் தகுதி வரவில்லை. பத்துக்கு உண்டு. பத்து பி பிள்ளைகளைத் தன்னிடம் விடச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டும் வருகிறார். "பாக்கலாம்மா" என்று டீச்சரும் இரண்டு வருடமாகச் சொல்லி வருகிறார். ஏனென்றால் அவர்கள் கட்டம் டீச்சருடைய செல்லம். ஆறாம் வகுப்பில் அழுகிற காலத்திலிருந்து அவரோடு படியேறி வந்த கூட்டம் அது. பொதுத்தேர்வு வரை கூடவே போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு பீரியடை மட்டும் கொடுத்துவிட அவருடைய சட்டமே விடாது. கொடுத்தால் வகுப்பையே கொடுக்க வேண்டும்.

அவருக்கு வலித்தது, அது எல்லோருக்கும் தெரிந்தது.

"உன் கலர் என்னம்மா?"

"ஆரஞ்சு, டீச்சர்."

"அஞ்சு குடு."

பத்து பி வரிசையில் ஒவ்வொரு பச்சையாகப் பிடுங்கினார். கையில் ஊசியும் ஆரஞ்சும் இருந்ததால் பச்சைகளைப் பல்லில் கவ்விக்கொண்டார். ஐந்தாவதைக் குத்தி முடித்தபோது, "டீச்சர், பிரின்சிபால்கிட்ட போய்ச் சொல்லிடவா?" என்று புவியியல் சார் வாசலில் ஒரு காலை வைத்துக்கொண்டு தவித்தார்.

டீச்சர் ஐந்து பச்சை அட்டைகளையும் பல்லில் இறுகக் கடித்தபடி, ஓடுங்கள் என்று இரண்டு கைகளாலும் அவரை விரட்டினார்.