கிளிப்பச்சை ஜீப்பும் வெள்ளைக் காரும்

வினோதினிக்கு மாறுதல் உத்தரவு வந்தபோது கூட வேலை செய்தவர்கள் எல்லாம் வருத்தப்பட்டார்கள். கீழ்பென்னாத்தூர் தாலுகா ஆபீஸுக்கு வீட்டிலிருந்து நடந்தே வந்துகொண்டிருந்தவள், இனிமேல் வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டும். காலையும் மாலையும் பஸ்ஸில் நசுங்க வேண்டுமே என்று அவர்களுக்குக் கவலை. வினோதினியும் முகத்தைக் கொஞ்சம் வாட்டமாக வைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஓடியது வேறு. இனி தினமும் ஜீப் ஓட்டலாம்.

அது கூரை இல்லாத பழைய ஜீப். கதவு கிடையாது, பக்கத்துக்கு ஒரு சங்கிலிதான். ரமணாசிரமம் பக்கத்தில் தங்கும் விடுதி நடத்திய ஒருவர், விருந்தாளிகளைச் சாத்தனூர் அணைக்குக் கூட்டிப்போக வைத்திருந்த வண்டி. அவர் விடுதியை மூடியபோது வினோதினி அதை வாங்கிக் கிளிப்பச்சை பெயிண்ட் அடித்தாள். பிறந்த வீட்டில் டிராக்டர் ஓட்டிப் பழகியவள். கியர் போடும்போது கை கொஞ்சம் வலித்தால்தான் வண்டி ஓட்டின திருப்தி அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவன் பிரசாத்தையும், காலேஜ் முதல் வருஷம் படிக்கும் மகள் கவிநிலாவையும் ஏற்றிக்கொண்டு செஞ்சி வரைக்கும் ஒரு சுற்றுப் போய்விட்டு வருவாள். மற்ற நாளெல்லாம் ஜீப் தார்ப்பாய்க்குக் கீழே தூங்கும்.

பிரசாத் கடைத்தெருவில் விதைக்கடை வைத்திருந்தான். எதையும் யோசித்துச் செய்கிற ஆள்.

"ஞாயித்துக்கிழமைக்கு ஜீப் சரி," என்றான் அன்று ராத்திரி சாப்பிடும்போது. "தினமும் ஆபீஸுக்கு அதுல போக முடியுமா? வெயிலு, மழை, லாரிப் புகை. சின்னதா ஏசி கார் ஒண்ணு பாத்துடலாம் வினோ."

"ரெண்டு வண்டி எதுக்குங்க?"

"அப்போ ஜீப்பக் குடுத்துடலாம்."

வினோதினி தட்டில் இருந்த இட்லியைப் பிட்டுப் பிட்டுப் போட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு வாய் கூட உள்ளே போகவில்லை. கவிநிலாதான் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஒரு மாசம் ஜீப்புலயே போயிட்டு வரட்டும்பா. முடியலன்னா அம்மாவே சொல்லிடும்."

அப்படித்தான் முடிவானது.

முதல் நாள் வினோதினி தலையில் துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பினாள். நெல் வயல்களுக்கு நடுவே ரோடு நேராகப் போனது. அறுத்துப் போட்ட வைக்கோல் வாசனை முகத்தில் அடித்தது. வேங்கிக்கால் நெருங்க நெருங்க எதிரே மலை பெரிசாகிக்கொண்டே வந்தது. அவள் தன்னை அறியாமல் பாடிக்கொண்டு போனாள். பக்கத்தில் வந்த டவுன் பஸ் டிரைவர் திரும்பிப் பார்த்துச் சிரித்த பிறகுதான் நிறுத்தினாள்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் காவலர் விறைப்பாக நின்று ஒரு சல்யூட் வைத்தார். வழியில் நின்ற ஸ்கூட்டரை அவசரமாக நகர்த்தினார். ஆபீசர்கள் எல்லாம் எப்போதோ கண்ணாடி ஏற்றிய கார்களுக்கு மாறிவிட்டாலும், ஜீப்பில் வருகிறவர் பெரிய அதிகாரி என்கிற எண்ணம் அந்த ஊரில் யாருக்கும் போகவில்லை. வினோதினி வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு, "அண்ணே, நான் புதுசா வந்திருக்கிற உதவியாளருங்க," என்றாள். காவலர் கையை இறக்கிக்கொண்டார். மறுநாளும் மறந்துபோய் சல்யூட் வைத்தார்.

திங்கட்கிழமை நிலைமை இன்னும் மோசம். அன்று ஜனங்கள் மனு கொடுக்கிற நாள். வினோதினி ஜீப்பை விட்டு இறங்குவதற்குள் ஒரு கூட்டம் சூழ்ந்துகொண்டது. அவள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லி வரிசை இருக்கிற இடத்தைக் காட்டி அனுப்பினாள். ஒரு பெண் மட்டும் நகரவில்லை. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமம், பெயர் வள்ளி. விதவைப் பணம் திடீரென்று நின்றுபோய் அலைந்துகொண்டிருந்தாள்.

"ஜீப்புல வந்தா ஆபீசருதானம்மா?"

"இல்லக்கா. நானும் உள்ள உக்காந்து எழுதற ஆளுதான்."

"எழுதற ஆளுதான் எனக்கு வேணும். ஆபீசருங்க கையெழுத்துதான போடறாங்க."

வினோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரியான பிரிவில் உட்கார வைத்துவிட்டுத்தான் தன் இடத்துக்குப் போனாள். அடுத்த திங்கட்கிழமை வள்ளி கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாப்பில் நின்று கையை நீட்டினாள். கூட இன்னும் இரண்டு பெண்கள். அதற்கடுத்த வாரம் பின் சீட்டில் இடமில்லை. வழியெல்லாம் மாட்டு விலை, மருமகள் கதை, சிரிப்பு. அலைந்ததில் வள்ளிக்குப் பணமும் மறுபடி வர ஆரம்பித்தது. அதன் பிறகும் ஊரில் யாருக்காவது துணை என்று சொல்லிக்கொண்டு அவள் ஜீப்பில் ஏறிவிடுவாள்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. வினோதினி பழைய தார்ப்பாயைக் கூரையாகக் கட்டினாள். அது மேலே விழுந்த தண்ணீரை எல்லாம் சேர்த்து வைத்து, பிரேக் போடும்போது மொத்தமாக அவள் மடியில் கொட்டியது. ஒரு நாள் சொட்டச் சொட்ட ஆபீஸுக்குள் நுழைந்தபோது கண்காணிப்பாளர் அருள்ராஜ் தன் மேசையில் இருந்த கோப்புகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"மேடம், நீங்க மொதல்ல காயுங்க. வேலையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். குரலில் கோபமில்லை. அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தலையைத் துவட்டிக்கொண்டே, "கார் பாக்கலாங்க," என்றாள். பிரசாத் ஜெயித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. இஞ்சி தட்டிப் போட்டு டீ கொண்டுவந்து கொடுத்தான்.

ஷோரூமில் ஒரு வெள்ளைக் காரை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். ஷோரூம் ஆள் பக்கத்தில் ஏறிக்கொள்ள, பிரசாத் பின்னால் உட்கார்ந்தான். வண்டி சத்தமே இல்லாமல் போனது. ஏசி ஜில்லென்று இருந்தது. கீழ்பென்னாத்தூர் வரை ஓட்டினாள். பஸ் ஸ்டாப்பில் வள்ளி நின்றிருந்தாள். வினோதினி வேகத்தைக் குறைத்துக் கையை ஆட்டினாள். வள்ளியின் பார்வை கார்மேல் பட்டு அப்படியே அடுத்து வந்த பஸ்ஸுக்குப் போய்விட்டது.

வினோதினி வண்டியை ஓரமாக நிறுத்தினாள். "நல்ல வண்டிதாங்க. ஆனா எனக்கு வேணாம். நனைஞ்சாலும் பரவால்ல. துணி காய வெச்சா காஞ்சிடும்."

"திரும்பிப் போறப்போ நான் ஓட்டட்டுமா?" என்று மட்டும் கேட்டான் பிரசாத். ஷோரூம் வந்து சேர்வதற்குள் அவனுக்கு அந்தக் காரை விட மனசில்லை. விதை எடுக்க அடிக்கடி விழுப்புரம் போகிறவன். இத்தனை நாள் எப்படி ஸ்கூட்டரில் போனோம் என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. கடைசியில் காரை வாங்கினார்கள். மழை இல்லாத நாளில் அவளுக்கு ஜீப், அவனுக்குக் கார். மழை நாளில் மாற்றிக்கொள்வது. அவன் கடை நடக்கிற தூரம்தானே, கொஞ்சம் நனைந்தால் என்ன என்று அவனே பெருந்தன்மையாகச் சொன்னான்.

அடுத்த மழை நாளில் அவள் காரில் போனாள், அவன் ஜீப்பில் கடைக்குப் போனான். மத்தியானம் மழை விட்டதும் ஒரு விவசாயி, விதை வேர்க்கடலை மூட்டையை வயல் வரைக்கும் கொண்டுவந்து போட முடியுமா என்று கேட்டார். சேறும் சகதியுமான வண்டிப் பாதை. பிரசாத் யோசிக்காமல் ஏற்றிக்கொண்டு போனான். பள்ளத்தில் ஜீப் இறங்கி, உறுமி, சேற்றை வாரி அடித்துக்கொண்டு மேலேறியது. பக்கத்தில் அந்த விவசாயி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரசாத்துக்கோ சின்ன வயசு திரும்பின மாதிரி இருந்தது. சாயங்காலம் சட்டையெல்லாம் சேறாக வந்து நின்றவனைப் பார்த்து வினோதினி, "என்னாங்க ஆச்சு, விழுந்துட்டீங்களா?" என்று பதறினாள்.

"நாளைக்கும் மழை வரும்னு சொல்றாங்க," என்றான் அவன். முகம் முழுக்கச் சிரிப்பு.

மார்கழியில் வேர்க்கடலை விதைப்பு ஆரம்பித்தது. மழை நின்றுபோனது, ஆனால் அவன் ஜீப்பை விடவில்லை. வயலுக்கே மூட்டை வருகிறது என்று கேள்விப்பட்டுக் கடையில் கூட்டம் ஜாஸ்தி. காலையில் சாவிக்கு இருவரும் போட்டி போட ஆரம்பித்தார்கள். அவள் சாவியை அரிசி டப்பாவில் ஒளித்து வைத்தாள். அவன் விடிவதற்குள் எழுந்து ஜீப்பைக் கழுவி வைத்து, கழுவினவனுக்குத்தான் வண்டி என்றான்.

"திங்கட்கிழமை மட்டும் கேக்காதீங்க. வள்ளியக்கா கூட்டம் காத்திருக்கும்."

"சனிக்கிழமை எனக்கு. கடையில நிறைய டெலிவரி இருக்கும்."

"மத்த நாளு?"

"மத்த நாளு பேசிக்கலாம்."

கவிநிலா இந்தப் பஞ்சாயத்துகளைக் கேட்டுக்கொண்டே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிட்டாள். லைசென்ஸ் வந்த வாரம் காரின் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "உங்க சண்டை முடியறவரைக்கும் இத நான் பாத்துக்கறேன்," என்றாள்.

போன வாரம் ஒரு விடுமுறை நாள். மூவரும் செஞ்சிக்குப் போக முடிவு செய்தார்கள். ஜீப்பில் வினோதினியும் பிரசாத்தும். ஓட்டுவது யார் என்று காசு சுண்டிப் பார்த்ததில் அவள் ஜெயித்திருந்தாள். பின்னால் வெள்ளைக் காரில் கவிநிலா தனியாக, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்தபடி. ஊர் தாண்டியதும் ரோடு காலியாக இருந்தது. கார் ஒரு ஹாரன் அடித்து, விளக்கைப் போட்டு, மெதுவாக ஜீப்பைத் தாண்டிப் போனது. கண்ணாடிக்குள் மகள் வாய் திறந்து ஏதோ பாடிக்கொண்டிருப்பது தெரிந்தது.

"நம்ம பொண்ணு நல்லா ஓட்றா," என்றான் பிரசாத்.

"காத்துல சரியா கேக்கல. சத்தமா சொல்லுங்க," என்றாள் வினோதினி, ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே.