மூன்று விரலில் ஐந்து பெட்டி

கைக்கட்டு அவிழ்த்த மறுகிழமை வேலைக்குத் திரும்பினேன். வலக்கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் இல்லை. பெட்டிகளுக்கிடையில் கொக்கி மாட்டும்போது, என் அவசரத்தால் அங்கேயே விட்டுவிட்டு வந்தவை.

வெள்ளைக்காரத் துரைமார் காலம். மன்னார்த் தீவின் மேற்குக் கோடியில், இந்தியாவுக்குப் போகும் கப்பல் வந்து நிற்கும் துறையடி ரயில் யார்டில் நான் ஷண்டர். ரயில் பெட்டிகளைப் பிரிப்பது, சேர்ப்பது, கப்பலடிக்கு அனுப்புவது. கரிப்புகை, உப்புக்காற்று, இரும்பின் ஓயாத நடை. அந்த அசைவு இல்லாவிட்டால் எனக்கு மூச்சு முட்டும்.

ஸ்டேசன் மாஸ்டர் என் கையை, நேற்றைய மீனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ஒரு கிழமை, ஏழு நாள் பார்ப்பம். சரிவராட்டி உம்மைக் கேற்றுக்குப் போடுவன்."

கேற் என்றால் தீவின் நடுவில் ஒரு ரயில் கடவை. கழுதைகள் மட்டும் கடக்கும். அவையும் கேற் திறக்கும்வரை நிற்பதில்லை.

முதல் நாளே பிழையாய்ப் போனது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். ஷண்டர் முன்கோடிப் பெட்டியில் இடக்கையால் கம்பியைப் பிடித்துத் தொங்குவான். தண்டவாளம் முடியும் முட்டுக்கட்டைக்கு இன்னும் எத்தனை பெட்டி நீளம் என்று வலக்கை விரலால் டிரைவருக்குக் காட்டவேண்டும். விரல்களை முட்டியாய் மடக்கினால் நிற்பாட்டு. கடற்காற்றில் குரல் போய்ச் சேராது. நான் ஐந்து என்று கையை விரித்தேன். டிரைவர் காதர் நானா மூன்று என்று வாசித்தார். இரண்டு பெட்டி நீளம் முன்னாலேயே எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, இறங்கி, ரயில் நீளத்துக்கும் நடந்து வந்தார்.

"தம்பி, மிச்ச விரலை வீட்டில வச்சுட்டோ வந்தனீ?"

பின்னேரம் தேத்தண்ணி குடிக்கையில் அவரே வழி சொன்னார்.

"இனி நீ காட்டுறதோட ரெண்டைக் கூட்டுறன். மூண்டு விரல் எண்டா அஞ்சு பெட்டி. முட்டி எண்டா ரெண்டு."

"ஒண்டுக்கு, நானா?"

"தலையை ஆட்டு."

"நிப்பாட்டுறதுக்கு?"

"தொப்பியைக் கழற்று. மரியாதையாயும் இருக்கும்."

அதன்பின் ஒவ்வொரு நாளும் பெட்டிகள் முட்டைக்கூடை இறக்குவதுபோல் போய் நின்றன. மாஸ்டருக்குத்தான் நான் தொப்பி கழற்றுவது பிடிக்கவில்லை. "இதென்ன ஸ்டேசனோ, கோயிலோ?" என்றார்.

கிழமையின் கடைசி நாள் அடுத்த ஸ்டேசனிலிருந்து ஒரு ஷண்டரை வரவழைத்தார்.

"முழுக் கைக்காரன் எப்பிடிச் செய்யிறான் எண்டு பாரும்."

"ஐயா, ஒரு விசயம்..."

"கதையாதேயும். பாரும்."

பார்த்தேன். அவன் வடிவாக ஐந்து விரித்தான். இரண்டைக் கூட்டியே பழகிய நானாவுக்கு அது ஏழு. ஒன்று காட்டினான், மூன்று. முட்டி மடக்கினான். உலகம் முழுக்க அது நில் என்பது. நானாவுக்கு இன்னும் இரண்டு பெட்டி. அவன் மணலில் குதித்துவிட்டான். முன்பெட்டி முட்டுக்கட்டையில் ஏறிச் சாய்ந்தது. தவிட்டு மூட்டைகள் விழுந்து வெடித்தன. கழுதைகளுக்கு யார் சொன்னார்களோ, வந்துவிட்டன. எஞ்சின் இன்னும் தள்ளிக்கொண்டே இருந்தது. மாஸ்டர் பதறித் தொப்பியைக் கழற்றித் தலையில் கை வைத்தார்.

எஞ்சின் அந்தக் கணமே நின்றது.

"ஏன் காணும் முந்தியே நிப்பாட்டேல்லை?" மாஸ்டர் நானாவிடம் பாய்ந்தார்.

"அந்தத் தம்பிக்கு ரெண்டு விரல் கூடிப்போச்சு, ஐயா. நீங்கள் தொப்பி கழற்றினீங்கள், உடன நிப்பாட்டினனான்."

மாஸ்டர் என் கையை நெடுநேரம் பார்த்தார். பிறகு தன் மேசை இருந்த கந்தோருக்குள் போய், என்னைக் கேற்றுக்கு மாற்ற எழுதி வைத்திருந்த கடிதத்தைக் கிழித்தார். முழுக் கைக்காரன் அடுத்த முறை வந்தபோது, ஏறுமுன் இரண்டு விரலை மடக்கிக் கட்ட என்னிடம் சீலைத் துண்டு கேட்டான்.

புதிதாக யார்டுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. கையில் அடிபட்டால் முதலில் ஆசுப்பத்திரிக்குப் போங்கோ. ஆறியதும் கந்தோருக்கு ஓடவேண்டாம். உங்கள் கையை வாசிக்கிற ஆளிடம் போங்கோ.