பொல்கொட ஏரியில் ஒரு முழுச் சுற்று

1998ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. வடக்கே பலாலியில் ஏறிய விமானம் காலை பத்தரைக்குக் கொழும்பை அடுத்த இரத்மலானையில் இறங்கியது. ஜன்னல்களை மூடி வைக்கச் சொல்லிவிட்டார்கள். ஆகவே மேலிருந்து பார்த்தால் கடல் எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முன் இருக்கையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

பலாலியில் "கொழும்புக்கு எதற்கு?" என்று கேட்ட அதிகாரியிடம் "கண் பரிசோதனைக்கு" என்றேன். அது பொய்யல்ல. கொட்டாஞ்சேனையில் ஒரு கண் வைத்தியரிடம் சனிக்கிழமைக்கு நேரம் கேட்டு வைத்திருந்தேன். ஆனால் அது பாதி உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை என் தம்பி குமார் பாய்ப்படகுப் போட்டியில் ஓடவிருந்தான். அதைப் பார்ப்பதற்காகத்தான் இவ்வளவு பாடுபட்டு அனுமதி எடுத்தேன். படகென்றாலே இயக்கத்தின் படகோ என்று பார்க்கும் போர்க்காலம். வடக்குக் கடலோரப் பருத்தித்துறையில் பிறந்த ஒருத்தி அந்த மேசைக்கு முன்னால் நின்று 'படகு' என்று வாயைத் திறப்பாளா?

இரத்மலானையிலிருந்து வெள்ளவத்தை ஆறேழு கிலோமீற்றர். ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டான், கொடுத்தேன். குமாருக்கு ஒரு வங்கியில் வேலை. காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மாடியறை. போய்ச் சேர்ந்ததும் தேநீர் கிடைக்கும் என்று நினைத்தேன். பொலிஸ் நிலையத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனான். வெள்ளவத்தையில் வடக்கிலிருந்து விருந்தாளி வந்தால் முதலில் பதிவு, பிறகுதான் தேநீர்.

சனிக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய்க் கண்ணைக் காட்டினேன். கண்ணாடியை மாற்றச் சொன்னார். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ரபீக் நானாவின் வான் வண்டியில் புறப்பட்டோம். வெள்ளவத்தைக்காரர், நெடுநாள் சாரதி. போக வர எழுநூறு ரூபாய் பேசியிருந்தது. தெகிவளை, கல்கிசை, இரத்மலானை, மொறட்டுவை என்று காலி வீதியில் போய் உள்ளே திரும்பினால் பொல்கொட ஏரி. பதினைந்து கிலோமீற்றர்தான், ஆனால் வழியில் மூன்று தடவை இறங்கி அடையாள அட்டை காட்டினோம். ஒவ்வொரு தடவையும் அட்டையில் பிறந்த ஊரைப் பார்த்ததும் எங்கள் முகத்தை இன்னொரு முறை பார்த்தார்கள்.

"ஒரு ஆளுக்கு ஒரு படகா? அதென்ன தம்பி போட்டி?" என்று கேட்டார் ரபீக் நானா. கேட்டிருக்கக் கூடாது. மொறட்டுவை வரும்வரை குமார் நிறுத்தவில்லை.

பாய், சுக்கான், உடம்பு எல்லாவற்றையும் ஒருவனே பார்த்துக்கொள்ளும் இந்தச் சின்னப் படகோட்டம் 1924இலேயே ஒலிம்பிக்கில் இருந்ததாம். போட்டியை நடத்தும் நாடே ஒரே மாதிரிப் படகுகளைச் செய்து கொடுக்கும். 1952இல் ஹெல்சிங்கியில் 'ஃபின்' என்ற படகு வந்தது. அதற்கும் அப்படித்தான், சீட்டுக் குலுக்கி எந்தப் படகு விழுகிறதோ அதில் ஏற வேண்டும். பணக்கார நாட்டுக்காரன் நல்ல படகு கொண்டுவந்து வெல்ல முடியாது. எழுபதுகளில், காருக்கு மேலே கட்டிக்கொண்டு போகக்கூடிய 'லேசர்' வந்தது. உலகம் முழுவதும் ஒரே அச்சு. இரண்டு வருடத்துக்கு முன் அட்லாண்டாவில் அதையும் ஒலிம்பிக்கில் சேர்த்துவிட்டார்கள். குமார் ஓடுவதும் லேசர்தான்.

"அப்ப ஆள் மட்டும்தான் வித்தியாசம்," என்றார் நானா.

"ஓம் நானா. ஆள் மட்டும்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் இருந்த காலத்தில் வள்ளத்தில் காலே வைக்காதவன் இவன். கப்பலில் போனால் சத்தி எடுப்பான். கொழும்பு வந்து, வங்கியில் கூட வேலை செய்யும் சிங்களவரான நிஹால் ஏரிக்குக் கூட்டிப்போனதில் பிடித்த பைத்தியம் இது. இப்போது அந்த நிஹாலே போட்டிக்காரன். பம்பாயில் நடக்கவிருந்த சர்வதேசப் போட்டிக்கு இந்த ஏரியிலிருந்து ஒருவர்தான் போகலாம். முன்னைய ஓட்டங்களில் இருவரும் சமமான புள்ளி. இன்றைய கடைசி ஓட்டத்தில் யார் முன்னால் வருகிறாரோ அவருக்குப் பம்பாய்.

ஒன்பதரைக்கு ஊதுகுழல் ஒலித்தது. பதினொரு படகுகள். ஏரியில் செம்மஞ்சள் நிறத்தில் மூன்று பெரிய மிதவைகள். அவற்றைச் சுற்றி வர வேண்டும். நானும் நானாவும் இறங்குதுறைப் பலகையில் உட்கார்ந்திருந்தோம். குமார் காலைப் பட்டியில் மாட்டி, முதுகு தண்ணீரைத் தொடுமளவுக்கு வெளியே சாய்ந்து படகைப் பிடித்திருந்தான். அவ்வளவு நேரம் சாய்ந்து கிடக்க எந்த வங்கியில் பழகினானோ தெரியாது. கடைசி மிதவைக்கு வரும்போது நிஹாலைவிட நாலு படகு நீளம் முன்னால் நின்றான். நான் எழுந்து நின்றுவிட்டேன். என் மாணவிகள் பார்த்திருந்தால் பிறகு என்னை மதித்திருக்க மாட்டார்கள்.

மிதவையைத் திரும்பினான். எல்லைக்கோடு நேரே இருந்தது. அப்போதுதான் படகை ஒதுக்கி, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்றுச் சுற்றினான். பாய் படபடவென்று அடித்தது.

"ஏன் டீச்சர், தம்பி அங்க சுத்திக்கிட்டு இரிக்காரு?"

எனக்கென்ன தெரியும்? நிஹால் அவனைக் கடந்து போய்விட்டார். குமார் விரட்டினான். இரண்டு படகு நீளத்தில் தோற்றான்.

கரைக்கு வந்தவனிடம் முதல் வேலையாக அதைத்தான் கேட்டேன்.

"மிதவையிலை பாய்க்கட்டை பட்டிட்டுது அக்கா. பட்டா ஒரு சுத்துச் சுத்தவேணும். அதுதான் சட்டம்."

"ஆர் கண்டது?"

"ஒருத்தரும் காணேல்லை."

"நடுவர்?"

"அவர் அங்காலை எல்லையிலை நிக்கிறார். இதிலை ஆரும் பாத்துச் சொல்லுறேல்லை. பட்டவனே சுத்தவேணும்."

"விசரா! சும்மா வந்திருந்தா?"

"வந்திருந்தாப் பம்பாய்க்குப் போயிருப்பன்," என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டத் தொடங்கினான். முகம் தொங்கிப் போயிருந்தது. இப்படியும் ஒரு விளையாட்டா என்று மனதுக்குள் திட்டினேன்.

மதியம் திரும்பும்போது நிஹாலும் எங்களோடு வானில் ஏறிக்கொண்டார். தம்பி சுற்றிய காரணத்தை அவரும் கரையில் வைத்துத்தான் அறிந்தார். சந்தோஷப்படவும் முடியாமல், ஆறுதல் சொல்லவும் தெரியாமல், வாங்கி வந்த அன்னாசித் துண்டுகளை எனக்கே நீட்டிக்கொண்டிருந்தார்.

தெகிவளைப் பாலத்தில் மறித்தார்கள். சிப்பாய்க்கு இருபது வயதிருக்கும். குமாரின் பையைத் திறந்தான். ஈரக் கயிறு, மிதப்பு அங்கி, இறப்பர்ச் சப்பாத்து. அட்டையைப் பார்த்தான்: பிறந்த இடம் பருத்தித்துறை. உடனே இறங்கச் சொன்னான்.

"ஏரியில் படகுப் போட்டி, மல்லி. அங்கிருந்துதான் வருகிறோம்," என்று அவனைத் தம்பி முறை வைத்து அழைத்து, குமார் நல்ல சிங்களத்தில் சொன்னான்.

"என்ன படகு? யாருடைய படகு?"

குமார் திரும்பச் சொன்னான். சிப்பாய் கயிற்றைக் கையில் பிடித்தபடி இன்னொருவனைக் கூப்பிட்டான். பூசா தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட பலரை எனக்குத் தெரியும்.

நிஹால் இறங்கினார். தன் அட்டையை நீட்டி, "இவர் என்னோடு படகு ஓட்டியவர். சொல்வது உண்மை," என்றார். இரண்டே வசனம். சிப்பாய் அவருடைய அட்டையைப் பார்த்தான், கயிற்றைப் பைக்குள் போட்டான், போகச் சொன்னான்.

வான் கிளம்பியது. நிஹால் மெதுவாக, "என்னை மன்னிக்க வேணும், குமார்," என்றார். அவர் செய்த பிழை ஒன்றுமில்லை. குமார் அவருடைய தோளைத் தட்டினான், பிறகு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். எனக்கு அழுகை வந்தது. கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காலையில் ஏரி நடுவில், ஒரு கண்ணும் பார்க்காத இடத்தில், அவன் சொல்லே போதுமாயிருந்தது. பாலத்தில் அதே சொல்லை, அவனைத் தோற்கடித்தவரே வந்து எடுத்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை திரும்பினேன். எங்கள் ஊர்க் கடலில் வள்ளம் தள்ள அனுமதிச் சீட்டு வேண்டும். குறித்த தூரத்துக்கு மேல் போகவும் கூடாது. பொல்கொடவைப் பற்றி அங்கே சொன்னால் யார் நம்புவார்கள் என்று யோசித்துக்கொண்டே இரத்மலானையில் வரிசையில் நின்றேன்.

"கொழும்புக்கு எதற்கு வந்தீர்கள்?" என்று கேட்டார் அதிகாரி.

கண் வைத்தியரின் துண்டுச்சீட்டு கையில் தயாராக இருந்தது. அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

"கண் காட்ட வந்தனான். என்ரை தம்பி படகு ஓடுறதைப் பாக்கவும் வந்தனான்," என்றேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வரிசையை விட்டு ஒதுங்கி, பையைத் திறக்கச் சொன்னார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் ஒதுங்கி நின்று, ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைக்கத் தொடங்கினேன்.