எண்ணெய் குறையாத பாட்டில்

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் கழித்து, கட்டின புருஷனைப் பற்றி ஒரு புது விஷயம் தெரியவந்தால் எப்படியிருக்கும்? எனக்குத் தெரியவந்தது. இரண்டு வாரத்துக்கு முன்பு, அடிவாரத்தில், ஒரு மெக்கானிக் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது.

சொல்லிக்கொடுத்தது யார் தெரியுமா? ஓர் எண்ணெய் பாட்டில்!

முதலிலிருந்து வருகிறேன். எங்கள் மோட்டார் சைக்கிள் என் மகனைவிட இரண்டு வயது மூத்தது. வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, நானும் இவரும் அதில் ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்குவோம். இவருக்கு முட்டி டாக்டர், எனக்குக் காய்கறியும் தங்கை வீடும். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ரிட்டயரான மனுஷர் மற்ற ஆறு நாளும் வாசலைத் தாண்ட மாட்டார். வியாழனன்று மட்டும் நான் எழுவதற்கு முன்பே குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்பார்.

போன மழைக்காலத்தில் ஏறி வரும்போது எட்டாவது கொண்டை ஊசி வளைவில் செயின் அறுந்தது. கொட்டுகிற மழை. முட்டைக்கோஸ் ஏற்றிப்போக வந்த காலி வேன்காரர் வண்டியையும் எங்களையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கினார்.

ஓசூரில் இருக்கும் மகனுக்குச் செய்தி போனது. அவ்வளவுதான்!

"அப்பா, முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களால குத்தவெச்சு உக்காந்து செயினுக்கு எண்ணெய் விட முடியல. அதான் காஞ்சு அறுந்திருக்கு. வண்டியக் குடுத்துருங்க. காருக்குச் சொல்லிப் போய்ட்டு வாங்க."

இவர் போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய், வண்டியை ஒரு துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த வண்டியும் போனால் வியாழக்கிழமையும் போய்விடும். ஏழு நாளும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிடுவார் மனுஷர்.

மகன் கல்நெஞ்சன் இல்லை. அடுத்த வாரமே கூரியரில் ஒரு பெட்டி வந்தது. ஆட்டோமேட்டிக் செயின் ஆயிலர்! கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. "ஒரே சான்ஸ்தான். இதை மாட்டின பிறகும் செயின் வம்பு பண்ணினா, பொங்கலுக்கு வரும்போது வண்டிய நானே வித்துடுவேன்." இவர் தலையாட்டினார்.

அடிவாரத்தில் குமரேசன் என்ற மெக்கானிக்தான் அதை மாட்டினார். சீட்டுக்குக் கீழே கையளவு பாட்டில். அதிலிருந்து இன்ஜினுக்கு ஒரு மெல்லிய குழாய், பின் சக்கரத்துப் பல்லுக்கு இன்னொன்று.

"ஏனுங்கக்கா, இனி அண்ணன் குனியவே வேண்டாமுங்க. வண்டி ஓட ஓட அதுவே நிமிசத்துக்கு ஒரு சொட்டு வுடும்" என்றார்.

"ஆஸ்பத்திரியில ட்ரிப்ஸ் ஏத்தற மாதிரிங்களா?" என்றேன்.

"அதே மாதிரிதானுங்க!" என்று சிரித்து, பாட்டிலில் மார்க்கரால் ஐந்து கோடு போட்டார். வாரத்துக்கு ஒரு கோடு எண்ணெய் குறைய வேண்டும்.

குறைந்ததா? ஐந்து வாரம் கழித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அப்படியே நிற்கிறது! மழையில் நனைந்த செயின் ஓரமெல்லாம் துருப்பிடித்து, கீச் கீச்சென்று சத்தம் வேறு. பொங்கலுக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

நேராகக் குமரேசனிடம் போனோம். குழாயைக் கழற்றி ஊதினார், இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார். சொட்டு ஒழுங்காக விழுந்தது. தலையைச் சொறிந்தவர் திடீரென்று இவரை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏனுங்கண்ணா, மலை எறங்கும்போது வண்டிய ஆஃப் பண்ணீட்டு வாறீங்களா?"

இவர் எதிரே இருந்த புளியமரத்தைப் பார்த்தார்.

மலைமேல் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பல பேருக்கு இந்தப் பழக்கம் உண்டு. மேலே சாவியைத் திருப்பி, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டால், இருபது வளைவும் பிரேக்கிலேயே வழுக்கிக்கொண்டு அடிவாரம் வந்துவிடலாம். பெட்ரோல் மிச்சம்! இவரும் கொஞ்ச காலமாக அப்படித்தான் இறங்குகிறார். ரிட்டயரானதும் கஞ்சத்தனம் ஒட்டிக்கொண்டது என்று நானும் கேலி பேசியிருக்கிறேன்.

"அங்கதானுங்க தப்பு" என்றார் குமரேசன். "இன்ஜின் இழுக்கற காத்துலதான் இந்த வால்வு தெறக்கும். ஆஃப் பண்ணீட்டா எண்ணெய் வராது. ஆனா சக்கரம் சுத்தறதால செயின் மட்டும் வறட்டு வறட்டுன்னு ஓடிக்கிட்டே இருக்கும். பிரேக்கும் நொம்ப சூடாயிரும். எறங்கும்போதும் இன்ஜின் ஓடட்டும், ரெண்டாவது கீர்ல வாங்க. வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம்."

அப்பாடா! இவ்வளவுதானா?

"அது சரிப்படாது" என்றார் இவர்.

எனக்கு வந்ததே கோபம்! குமரேசன் நிற்பதையும் மறந்து கத்தினேன். "பெட்ரோல மிச்சம் புடிச்சு என்ன கோட்டை கட்டப்போறீங்க? பையன் வந்தா வண்டியே போயிருமுங்க! நான் சொல்றது காதுல விழுதா இல்லையா? செவிடன் காதுல ஊதின சங்கு!"

இந்தப் பழமொழி எங்கள் வீட்டில் தினம் இரண்டு வேளை புழங்குவது. எப்போதும் சிரித்துவிட்டுப் போவார். அன்று சிரிக்கவில்லை.

"பெட்ரோலுக்கு இல்ல புள்ள" என்றார் மெதுவாக. "இன்ஜின் ஓடுனா நீ பேசறது எனக்குக் கேக்க மாட்டேங்குது."

குமரேசனுக்குச் சட்டென்று ஏதோ பஞ்சர் ஒட்டுகிற வேலை ஞாபகம் வந்து, கடைக்குள் போய்விட்டார்.

"எத்தனை நாளா?" என்றேன்.

"ரெண்டு வருசமிருக்கும். ஊட்ல நீ அடுப்படியில நின்னு பேசறது பாதி வுழுகாது. ம்... ம்...னு சொல்லிக்குவேன். வண்டிய ஆஃப் பண்ணுனா, காதுக்குப் பக்கத்துல உக்காந்து பேசறயா... அத்தனையும் கேக்கும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா, காது கேக்காத ஆளுக்கு வண்டி எதுக்குன்னு பையன் புடுங்கிப் போட்டுருவானே."

நான் அழுதேன். மெக்கானிக் கடையில், கிரீஸ் வாடைக்கு நடுவில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். யோசித்துப் பார்த்தால் எல்லாம் அப்போதே தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் மூன்று முறை சொன்ன கறிவேப்பிலையை மறந்துவிட்டு வருவார். ஆனால் பன்னிரண்டாவது வளைவில் பல்வலி என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு, சேலத்தில் நேராகப் பல் டாக்டர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். மலைக்காற்று பட்டால் ஞாபகசக்தி கூடும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். நானும் ஒரு மனுஷி! ஊர் உலகத்தைப் பற்றியெல்லாம் வாராவாரம் எழுதுகிறேன், பக்கத்தில் இருப்பவருக்குக் காது கேட்கவில்லை என்று தெரியவில்லை.

அன்று முட்டி டாக்டருக்குப் பதில் காது டாக்டரிடம் போனோம். டெஸ்ட் எடுத்தார்கள். ஹார்ன் சத்தமெல்லாம் நன்றாகவே கேட்கிறதாம், பேச்சுத்தான் தெளிவில்லையாம். காது மெஷின் வைத்தால் அதுவும் சரியாகிவிடும், வண்டி தாராளமாக ஓட்டலாம் என்றார் டாக்டர். அளவு கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த வாரம் கைக்கு வரும்.

போன வியாழக்கிழமை இன்ஜின் ஓட ஓட, ரெண்டாவது கியரில் இறங்கினோம். நான் வாயைத் திறக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தவம் என்று! இருபது, பத்தொன்பது, பதினெட்டு... பத்தாவது வளைவில் ஓரமாக வண்டியை நிறுத்தி ஆஃப் பண்ணினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, கொஞ்சம் நன்றாகக் கேட்கிற வலது காதை என் பக்கம் திருப்பினார்.

"ம்... இப்பச் சொல்லு."

என்னத்தைச் சொல்ல? பத்து வளைவாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் ஒரே அடியாக மறந்துபோனது. அந்தக் காதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஓரத்தில் நரைமுடி இரண்டு வளர்ந்திருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"ஒண்ணுமில்லையா? இதுக்கா வண்டிய நிறுத்துனேன்?"

சுவரோரம் உட்கார்ந்திருந்த குரங்குகள் பயந்து ஓடுகிற அளவுக்கு இருவரும் சிரித்தோம். அடிவாரத்தில் குமரேசன் பாட்டிலைப் பார்த்தார். சரியாக ஒரு கோடு குறைந்திருந்தது.

இதையெல்லாம் பத்தியில் எழுதட்டுமா என்று அந்தக் காதருகில் கேட்ட பிறகுதான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, அவனும் படிக்கட்டும்" என்றுவிட்டார்.

கண்ணு, படித்துவிட்டாயா? பொங்கலுக்கு வா... வண்டி விற்பனைக்கு இல்லை!